பை பிரிக்கலாமுங்களா

கண்ணு,

பொங்கல் லீவுக்கு வந்தபோது உன் மீன் வியாபாரத்துக்கு விதி எழுதி நீ கொடுத்துவிட்டுப் போன இரண்டு தாளும் இன்னும் டி.வி. பெட்டி மேலேயே கிடக்கின்றன. காற்றில் பறக்காமல் இருக்க உன் அப்பாவின் கண்ணாடிக் கூட்டை மேலே வைத்திருக்கிறேன். "தமிழ் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா, அதை வெச்சுத்தான் வெப்சைட்டுல போடணும்" என்று சொன்னாய். பார்த்தேன். மூன்று இடத்தில் ஒற்று விட்டிருந்தாய், போட்டுவிட்டேன். ஆனால் நாலாவது விதியில் என் பேனா நின்றுவிட்டது. அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அதைப் பற்றி உன்னிடம் பேச இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்தேன். நீ பெங்களூரில் ஏதோ ஒரு போன் பூத்தில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாய். நான் சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை போதுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயம் சொல்ல இப்படிப் பயப்படுவார்களா என்று கேட்பாய். பயப்படுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன் அப்பா என்னைக் கிண்டல் பண்ணியே பாதி வயதைக் கழித்துவிட்டார். வண்ண மீன் பார்சல் போகிற நாளில் நான் சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. போத்தனூரில் குடியிருந்துகொண்டு ரயில் சத்தத்துக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நம் பெட்டி போகிற வண்டி கூவினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன், மறுநாள் போன் மணி அடித்தால் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுவேன். அதுவெல்லாம் பழகிப்போன பயம். இப்போது வந்திருப்பது வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை நீயும் உன் சிநேகிதனும் இன்டர்நெட்டில் பிடித்த முதல் ஆர்டருக்கு நம் தொட்டியிலிருந்து பன்னிரண்டு பெட்டி மீன் கிளம்புகிறது. வாங்குகிறவர்களை நீ பார்த்ததில்லை, அவர்களும் உன்னைப் பார்த்ததில்லை. டெல்லியில் ஒருத்தர், நாக்பூரில் ஒருத்தர் என்று சொன்னாய். அத்தனை பேருக்கும் நம் வீட்டிலிருந்து முதலில் போய்ச் சேரப்போவது மீன் இல்லை, அந்த இரண்டு தாள்.

அதைப் படித்துக் காட்டும்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய், டி.ஓ.ஏ. என்று. என்ன கண்ணு அது என்றேன். "டெட் ஆன் அரைவல்மா. வந்து சேரும்போதே செத்துப்போனது" என்றாய். ஆஸ்பத்திரியில் எழுதுகிற வார்த்தை மாதிரி இருந்தது, எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வந்து சேரும்போதே செத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போனில் சொல்ல வேண்டும், பிரிக்காத பையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், மாற்று மீனோ பணமோ தரப்படும். சரி. அடுத்தது நாலாவது. "பை பிரிக்கப்பட்டிருந்தால் எந்த இழப்புக்கும் நாங்கள் பொறுப்பல்ல." அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். "இது உன்னோட சட்டம்மா. அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். யாவாரத்துல இளகக் கூடாதுன்னு உங்கிட்டக் கத்துக்கிட்டதுதானே" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மேலே ஒரு பாத்திரமும் வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். காபி போடுகிறேன் என்று நினைத்திருப்பாய்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது உனக்குப் பாதி தெரியும். பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் மாற்றலாகிப் போகும்போது ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த கப்பி மீன்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். கப்பி சும்மா இருக்குமா? ஒன்று நாற்பதாயிற்று. பிறகு ஏஞ்சல், மோலி, கோல்டு ஃபிஷ் என்று பின்கட்டு முழுக்கச் சிமெண்டுத் தொட்டியாகிவிட்டது. முன் அறை கடையாயிற்று. ஈரோடு, பாலக்காடு, மேட்டுப்பாளையம் என்று போனில் ஆர்டர் வர ஆரம்பித்தது. சிலிண்டரிலிருந்து பையில் ஆக்சிஜன் பிடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸிலும் ரயிலிலும் அனுப்பினோம். செத்தால் மாற்றித் தருகிறேன் என்று வாயால் சொன்னேன். அவ்வளவுதான், பொம்பளை நடத்துகிற கடை, ஏமாற்றலாம் என்று ஒரு கூட்டம் வந்தது. ஒருவர் கொண்டுவந்து காட்டிய செத்த மீன் ஐஸில் இருந்தது போல விறைத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே ஐஸில்தான் இருந்திருக்கிறது. இன்னொருவர் காட்டியது நான் பிறந்ததிலிருந்து விற்றே இராத ஒரு மீன். "இது நம்முளுது இல்லீங்களே" என்றால், "தண்ணி மாறினதுல நெறம் மாறிப்போச்சுங்க" என்கிறார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுகை வந்தது.

அதனால்தான் பை பிரிக்காமல் கொண்டுவந்தால் மட்டும் மாற்று என்று வைத்தேன். கட்டின கட்டு நம்முடையதா என்று பார்த்தாலே பித்தலாட்டம் தெரிந்துவிடும். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மஞ்சள் சார்ட்டில் உன்னையே எழுதச் சொன்னேன். 'பை பிரித்த மீனுக்கு மாற்று கிடையாது.' சுற்றி நாலு மூலையிலும் மீன் படம் போட்டு, அதற்குக் கண் வைத்து, பூ வைத்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆக்கிவைத்தாய். அதை மாட்டிய பிறகு ஐஸ் மீன் வருவது நின்றது. சொந்தக்காரர்களெல்லாம் கெட்டிக்காரி என்றார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

இப்போது மேட்டுப்பாளையத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவர் குரல் மட்டும் தெரியும், முகம் தெரியாது. பாக்கு மண்டியில் எடை பார்க்கிற வேலை அவருக்கு. மீன் வளர்க்க வேண்டும் என்பது அவர் சம்சாரத்தின் ஆசை. என்னிடம் அத்தனை பேர் மீன் வாங்கியிருக்கிறார்கள், அவரைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. தொட்டியில் இரண்டு வாரம் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்றால் இரண்டு வாரம். குளோரின் போகட்டும் என்றால் தினமும் போன் பண்ணி, "இன்னைக்குப் போயிருக்குமுங்களா" என்று கேட்பார். எட்டு ஏஞ்சல் கேட்டார். நாலு நாலாக இரண்டு பையில் போட்டேன். அன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சிலிண்டர் வேறு தீர்கிற நிலையில் சீறிக்கொண்டிருந்தது. ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி மடித்துக் கட்டுவேனே, அன்றைக்கு ஒரே சுற்றோடு விட்டேன். இதையும் நான் போன வாரம் வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் காரமடைக்கு முன்னால் நின்றுபோய், வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பத்தரை மணி இருக்கும். அன்று உனக்குப் பள்ளிக்கூடம் லீவு. போனை நீதான் எடுத்தாய். நான் பின்கட்டில் முழங்கை வரைக்கும் கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். நீ ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கதவோரம் வந்து நின்றாய். பை இரண்டும் காற்றுப் போய்த் தொளதொளவென்று இருக்கிறதாம், மீன் எல்லாம் சாய்ந்து கிடக்கிறதாம், செவுள் மட்டும் அசைகிறதாம் என்றாய். அப்புறம், "உசுரோட இருக்குதாம்மா. பை பிரிக்கட்டுமான்னு கேக்கறாங்க" என்றாய்.

எனக்கு அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது கண்ணு. தொளதொளவென்று என்றதுமே புரிந்துவிட்டது, கட்டு நழுவியிருக்கிறது, தப்பு என்னுடையது. புரிந்ததும் பயம் வந்தது. பயம் வந்ததும் கோபம் வந்தது. பிரித்து, அதன் பிறகும் செத்தால் இந்த ஆளும் நாளைக்கு எதையாவது கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான் என்று தோன்றியது. அந்த மனிதரைப் போய் அப்படி நினைத்தேன். கதவு வழியே எதிரில் சார்ட்டு தெரிந்தது. "பிரிக்க வேண்டாம்னு சொல்லு. பிரிச்சா மாத்து கெடையாது" என்றேன். நீ உடனே போகவில்லை. என் முகத்தையே பார்த்தாய். நான் அதட்டினேன். நீ போய்ச் சொன்னாய். உன் குரல் எனக்குக் கேட்டது. "பிரிக்க வேண்டாமுங்க. அப்படியே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கூடவே நான் சொல்லாத ஒன்றையும் சொன்னாய். "மன்னிச்சுக்குங்க" என்றாய்.

அவர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். ஒரு மஞ்சப்பையிலிருந்து அந்தப் பாலிதீன் பையை இரண்டு கையாலும் எடுத்து என்முன் நீட்டினார். தண்ணீர் பால் போலக் கலங்கி, நாலும் அடியில் கிடந்தன. "பாருங்க, பிரிக்கலீங்க" என்றார். ரேஷன் கார்டை நீட்டுவது போல நீட்டினார். நான் கட்டைப் பார்ப்பது போல நடித்தேன். ஒரு சுற்று. என் கட்டுதான். நான் இன்னொரு பை எங்கே என்று கேட்டேன். ஏதோ தப்புப் பண்ணினவரைப் போலக் குனிந்துகொண்டார்.

"அதை என் சம்சாரம் பொறுக்கமாட்டாம பிரிச்சுப்போட்டாங்க. நான் உங்களுக்குப் போன் பண்ணப் போயிருந்தப்ப பண்ணிப்போட்டாங்க. அதுக கெடக்கிற கெடையப் பாக்க முடியலைன்னு தொட்டியில விட்டுட்டாங்க. அதுக்கு நான் மாத்துக் கேக்கலீங்க."

"அது என்னாச்சுங்க?"

"அது நாலும் நல்லா இருக்குதுங்க. மத்தியானமே தீனி தின்னுச்சு."

கண்ணு, அதற்கு மேல் அவர் ஒன்றும் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அது சில சமயம் அடியை விட வலிக்கும். அவர் போன் பண்ணிவிட்டுத் திரும்பிப் போனதும், மீதி நாலு இருந்த பையையும் அவர் சம்சாரம் பிரிக்கப் போக, இவர்தான் தடுத்திருக்கிறார். கடைக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சொன்னா ஒரு காரணம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகச் செவுள் அசைவது நின்றதாம். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் நாலு மீன் பிடித்துக் கட்டிக் கொடுத்தேன், மூன்று சுற்று. வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கட்டுமுங்களா. இனிமே இப்படி ஏதாச்சும் வந்தா, பை பிரிக்கலாமுங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொன்னால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே என்ற பயம். "சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே" என்றேன். "சரிங்க. வாரேனுங்க" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. ஐஸ் மீன் கொண்டுவந்தவன்கூட இரண்டு மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டே மீன் வாங்க வந்தான்.

நீ டியூஷன் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டாய், என்னாச்சும்மா என்று. எட்டும் செத்துப்போச்சு என்றேன். நாலைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் மீதி நாலை யார் கொன்றது என்று கேட்பாய். அன்றைக்கு நீ சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பிரிச்சிருந்தா பொழச்சிருக்குமா என்று கேட்டாய். "பிரிச்சிருந்தாலும் செத்துத்தான் இருக்கும் கண்ணு. பஸ்லயே முடிஞ்சுபோச்சு. நீ சரியாத்தான் சொன்னே" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதைச் செய்து உனக்கு ஊட்டியும் விட்டேன். நீ நிம்மதியாகச் சாப்பிட்டாய். நீ சாப்பிட்டதைப் பார்த்து நானும் அதை நம்பப் பார்த்தேன்.

அந்தப் பொய்தான் ஏழு வருஷம் கழித்து உன் நாலாவது விதியாக வந்து நிற்கிறது. நீ இளகின பிள்ளை. சொல்லச் சொல்லாத 'மன்னிச்சுக்குங்க'வைச் சொன்ன பிள்ளை. இளகியது தப்பு என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். இதைப் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாயோ என்று நினைத்தால் இப்போதுகூட எழுத்து கோணுகிறது. அந்த நாலு மீனின் பாரத்தைப் பதினைந்து வயதில் நீ இறக்கி வைத்துவிட்டாய், இப்போது நான் அதைத் திரும்ப உன் தலையில் ஏற்றுகிறேனோ என்று பயம். அப்படி ஏற்றிக்கொள்ளாதே. வாய்தான் உன்னுடையது, பேச்சு என்னுடையது.

உன் தாளில் உயிரோடு வந்ததற்கு ஒரு விதி இருக்கிறது, செத்து வந்ததற்கு ஒரு விதி இருக்கிறது. சாய்ந்து கிடந்து செவுளை மட்டும் அசைக்கிறதே, அதற்கு விதி இல்லை. பெட்டியைத் திறக்கிறவர்கள் அதிகம் பார்க்கப்போவது அதைத்தான். பித்தலாட்டக்காரன் உன் நாலாவது விதியைப் படித்துவிட்டுச் சிரிப்பான், அவனுக்கு ஆயிரம் வழி. சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்காவது அவர் கேட்க ஒரு போன் இருந்தது, எடுக்க நீ இருந்தாய், என் முகத்தைப் பார்க்கக் கதவோரம் வந்து நின்றாய். உன் கடையில் அந்தத் தாள்தான் பதில் சொல்லும். தாள் யார் முகத்தையும் பார்க்காது. நாக்பூரில் ஒருத்தர், கடைக்காரர் சொன்னதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், உனக்குத் தெரியவே தெரியாது. அவரும் உன்னிடம் மறுபடி வாங்க மாட்டார், ஏன் என்றும் சொல்ல மாட்டார். இதுதான் என் பயம். நஷ்டமானால் தாங்கிக்கொள்ளலாம் கண்ணு.

போன வாரம் உன் அப்பாவிடம் சொன்னேன். மதுக்கரையிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து, கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஏழு வருசமா இதைய மனசுல வெச்சுட்டுத்தான் போன் மணிக்கெல்லாம் பயந்துட்டு இருந்தியா" என்றார். அப்புறம், "எங்கிட்ட எதுக்குச் சொல்றே, அவங்கிட்டச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை விடிகாலை பேக்கிங். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைப்பேன். உன்னிடம் சொல்லாமலே வைத்திருக்கலாம், ஆனால் மறைத்தது போதும். பை வந்ததும் பிரியுங்கள், முதலில் மீனைப் பாருங்கள், பிறகு எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் பேச்சை நம்புகிறோம் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஏமாற்றுவார்கள். சில பேர் கட்டாயம் ஏமாற்றுவார்கள், அதற்கும் எனக்குப் பயம்தான். அந்தப் பயத்தோடு இருந்துகொள்ளலாம். நீ கோபத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல் விட்டாலும் எனக்குப் புரியும். ஆனால் பண்ணினால் நல்லது. பண்ணும்போது வழக்கம் போல நல்லா இருக்கேன்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. போன தடவை உன் குரல் தொளதொளவென்று இருந்தது, நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன், பழைய ஆர்டர் நோட்டில் விலாசம் இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில். இன்னும் அங்கேயே இருக்கிறாரோ என்னவோ. உனக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். நீ இப்போதும் ரிசீவரைப் பொத்திக்கொண்டு அந்தக் கதவோரம் நிற்பது போலத்தான் எனக்கு இருக்கிறது.

பிரிக்கச் சொல்லு, கண்ணு.

அம்மா